கையும் மனமும்

தமிழில் கையை ஒட்டிப் பிறந்த சொற்களுக்குக் கணக்கில்லை. உதவி செய்தவருக்குக் கைம்மாறு செய்கிறோம். சமையல் சுவைத்தால் கைமணம் என்கிறோம். நட்டது தழைத்தால் கைராசி என்கிறோம். ஒருவனைப் பயனற்றவன் என்று ஏச வேண்டுமானால் 'கையாலாகாதவன்' என்ற ஒரு சொல்லே போதும். செய்வதறியாது கலங்கி நிற்கும் துயரத்துக்குப் பழைய இலக்கணத்தார் 'கையறுநிலை' என்றே பெயர் வைத்தார்கள். கை ஓய்ந்தால் மனமும் ஓய்ந்துவிடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்.

இலக்கியம் பயிலும் நண்பர்கள் இதை என்னைவிட அழகாக விளக்குவார்கள். நானோ உடலியல் பயிலும் மாணவன். ஆகவே கையைப் பற்றிய ஒரு நோயையும், அந்நோய் வந்தவர்களின் மனம் படும் பாட்டையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவர்கள் அதனைக் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம் என்பார்கள். தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் என்று சொல்லிக்கொள்வோம். உயிரைக் கொல்லும் நோயன்று, தொற்று நோயுமன்று. ஆனால் உறக்கத்தைக் கெடுக்கும், உழைப்பைக் கெடுக்கும், உள்ளத்தையும் கெடுக்கும். அரிதான நோய் என்றும் சொல்வதற்கில்லை. தெற்கு ஸ்வீடனில் பொதுமக்களிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் சோதித்து உறுதி செய்த நோயாளிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் இருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. அதிலும் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு.

நெருக்கடி எங்கே?

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழி இருக்கிறது. எட்டுச் சிறிய எலும்புகள் வளைந்து நின்று அதற்குத் தரையும் சுவருமாக அமைகின்றன. மேலே கூரை போல ஒரு தடித்த தசைநார் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் குகை வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் செல்கின்றன. அவற்றோடு நடுநரம்பு என்னும் நரம்பும் செல்கிறது.

இதை நம் பம்பாய் மின்சார ரயிலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். காலை நேரப் பெட்டி ஒன்றில் ஒன்பது தடித்த ஆட்களும் ஒரு மெலிந்த மனிதரும் நெருக்கி நிற்கிறார்கள் என்று கொள்வோம். தடித்தவர்கள் சற்றே பருத்தாலும் போதும், பெட்டியின் சுவர் விரிந்து கொடுக்காது, நசுங்குபவர் மெலிந்தவர்தாம். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ, நீர் கோத்தாலோ, நசுங்குவது நடுநரம்பே.

இந்த நெருக்கத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயற்றவர்களின் குகைக்குள் அழுத்தம் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவே. நோயாளிகளிடமோ அது 32 மில்லிமீட்டர். மணிக்கட்டை முன்புறம் மடக்கினால் நோயாளிகளின் அழுத்தம் 94 ஆகவும், பின்புறம் வளைத்தால் 110 ஆகவும் உயர்ந்தது. அழுத்தம் முதலில் நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஓட்டத்தைத் தளர்த்தும். நெடுநாள் நீடித்தால் நரம்பிழையின் மேலுறை சிதையும். பிறகு நரம்பிழையே சிதையும்.

நடுநரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சியைத் தருவது. ஆகவே மரத்துப்போவதும், ஊசி குத்துவது போன்ற உணர்வும், எரிச்சலும் அந்த விரல்களிலேதான் தோன்றும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். பெருவிரலை அசைக்கும் சில தசைகளுக்கும் நடுநரம்பே எசமானன். நோய் முற்றினால் பெருவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றிப்போகும். பிடிப்பு தளர்ந்து கையில் உள்ள பொருள் நழுவும்.

நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடற்பருமன், கருவுற்றிருத்தல் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு. விசையோடு ஓயாமல் பற்றிப் பிழியும் வேலையும், அதிரும் கருவிகளைப் பிடித்துச் செய்யும் வேலையும் இதனை வரவழைக்கக் கூடியவை. கணிப்பொறியின் விசைப்பலகையே முதற்குற்றவாளி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதற்குரிய சான்று அவ்வளவு உறுதியானதன்று. இன்ன காரணம் என்று எதையும் சுட்டிக் காட்ட இயலாத நோயாளிகளும் பலர்.

பெயரில்லாமல் கழிந்த காலம்

இந்நோயின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 1854இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பேஜெட் என்னும் அறுவை மருத்துவர், மணிக்கட்டில் அடிபட்ட பின் நடுநரம்பு நசுங்கியதை விவரித்தார். 1880இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் புட்னம் என்பவர், இரவில் கை மரத்து விழித்துக்கொள்ளும் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆனால் இரத்தக் குழாய்களின் கோளாறே காரணமாகலாம் என்பது அவர் கருத்து. 1913இல் பிரான்சில் பியேர் மாரி, ஃபுவா என்னும் இருவர், இறந்த ஒருவரின் கையை அறுத்துப் பார்த்து, நரம்பு நசுங்கும் இடத்தைக் கண்டார்கள். கூரையாகிய தசைநாரை வெட்டிவிட்டால் நரம்பு பிழைக்கலாம் என்றும் சொன்னார்கள். அதனைக் கேட்டவர் சிலரே. கழுத்தின் அருகே உள்ள விலா எலும்பு நரம்பை அழுத்துகிறது என்று எண்ணிக் கழுத்துக்கு மருத்துவம் பார்த்த காலமும் உண்டு. 1947இல் லண்டனில் பிரெய்ன், ரைட், வில்கின்சன் ஆகியோர் ஆறு நோயாளிகளுக்கு மணிக்கட்டில் அறுவை செய்து எழுதினார்கள். 1950 முதல் கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் ஃபேலன் தொடர்ந்து எழுதினார். அதன் பின்னரே உலகம் இதனை நன்கு அறிந்தது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் எத்தனை பேர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து கையை உதறியிருப்பார்கள்! துன்பம் இருந்தது, அதற்கு ஒரு பெயர் இல்லை. பெயரில்லாத துன்பத்தை எடுத்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? இன்று நோய்க்குப் பெயர் உண்டு, சோதனை உண்டு, மருத்துவமும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் சென்று சேராத வீடுகளில் இன்னும் அந்தப் பழைய காலமே நடக்கிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை நான் அறிவேன்.

மனம் வாடும் வழி

தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் முறுக்கும் சேவும் செய்து நகரெங்கும் அனுப்புவது நெடுநாளைய தொழில். படிப்பதற்காக இந்த ஊருக்கு வந்த எனக்குச் சோறிடுபவர் என் சித்தி. அவர் அத்தகைய ஒரு கூடத்தில் முறுக்குப் பிழிபவர். கெட்டியான மாவை உரலில் இட்டு இரு கையாலும் அழுத்திப் பிழிய வேண்டும். காலையில் தொடங்கினால் மாலை வரை அதுவே வேலை. கூலி நாளுக்கல்ல, எடைக்கு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இரவில் கை மரக்கத் தொடங்கியது. இரண்டு மணி சுமாருக்கு எழுந்து உட்கார்வார், கையைத் தொங்கவிட்டு உதறுவார், பிறகு படுப்பார், மறுபடி எழுவார். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இது யாருக்கும் தெரியாமற் போகாது. கேட்டால், "ஒண்ணுமில்லய்யா, நீ தூங்கு" என்பார்.

பகலில் அவர் மாறிப்போனார். எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்தார். டம்ளர் ஒன்று கை நழுவி விழுந்தபோது, அதற்காக அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். பக்கவாதம் வரப்போகிறது என்று அவர் தமக்குள்ளே முடிவு செய்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. கூடத்தில் எடை குறைந்தபோது, "கை நல்லாத்தானே இருக்கு, மனசுதான் இல்லை" என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்களாம். தெருமுனை மருத்துவர் ஒருவர் வலி மாத்திரை கொடுத்து, "வயசானா வரும், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் சித்தி என்னிடம் சொன்னது இது:

"காயம்னா காட்டலாம். வீக்கம்னா காட்டலாம். இதை எப்படிய்யா காட்டுறது?"

இந்நோயாளிகளின் மனத்துயரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, உறக்கம். உறங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டு மடங்குகிறது. மடங்கினால் குகையின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை மேலே கண்டோம். ஆகவேதான் இந்நோய்க்கு இரவே உகந்த நேரம். பல நாள் உறக்கம் கெட்டவருக்கு எரிச்சலும் மறதியும் சோர்வும் வருவது இயல்பு. உறக்கமின்மை வலியைக் கூர்மையாக்கும் என்பதும் ஆய்வுகளால் தெளிந்த உண்மை. வலி உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் வலியைக் கூட்ட, செக்கு மாடு போல இரண்டும் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இரண்டாவது, பிறர் நம்பாமை. வெளியே தெரியாத நோயுடையவர் நோயையும் சுமக்க வேண்டும். நோய் உண்டென்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் சுமக்க வேண்டும். நாளடைவில் தம்மையே நம்பாமற்போகிறார்.

மூன்றாவது, அச்சம். கையே முதலாக வாழ்பவருக்குக் கை தளர்வது வருவாய் தளர்வது. அதோடு, வீட்டுக்கு உழைப்பவர் என்ற தம் இடமும் போய்விடுமோ என்ற அச்சம் சேர்ந்துகொள்கிறது. பொத்தான் போட முடியவில்லை, தேங்காய் துருவ முடியவில்லை, பேத்திக்குத் தலை பின்ன முடியவில்லை என்பன சிறிய குறைகளாகத் தோன்றலாம். ஒரு நாளைக்குப் பத்து முறை அவை நேர்ந்தால் சிறியன அல்ல.

அளவையில் அகப்படாத ஒன்று

இங்கே அறிவியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று கருவியால் அளக்கலாம். இந்நோயை உறுதி செய்ய அச்சோதனை பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் கருவி காட்டும் அளவும் நோயாளி படும் துன்பமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கருவி சிறிய கோளாறு என்று காட்டும் ஒருவர் பெருந்துன்பம் அடைகிறார். பெரிய கோளாறு உள்ள மற்றொருவர் அவ்வளவு வருந்துவதில்லை. மனச்சோர்வும் வலியைப் பற்றிய அச்சமும் மிகுந்தவர்கள் மிகுந்த வலியை உணர்கிறார்கள் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன.

இதைத் தவறாகப் பொருள் கொள்ளக் கூடாது. 'அப்படியானால் நோய் மனத்தில்தான் இருக்கிறது' என்பது அறியாதவர் பேச்சு. நரம்பு மணிக்கட்டில் நசுங்குவது மெய். அந்தச் செய்தியைப் பெற்று அதனை வலியாக அறிவது மூளை. களைத்து அஞ்சியிருக்கும் மூளைக்கு அதே செய்தி உரக்கக் கேட்கிறது. ஆகவே மனத்துக்குத் தரும் ஆறுதல் கைக்குத் தரும் மருத்துவத்தில் ஒரு பகுதியே ஆகும்.

இந்நோயின் கடுமையை மதிப்பிட 1993இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு வினாத்தாள் அமைத்தார்கள். உலகெங்கும் இன்றும் அது வழக்கில் உள்ளது. அறிகுறிகளைப் பற்றி 11 வினாக்கள். செய்ய முடியாத வேலைகளைப் பற்றி 8 வினாக்கள். இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், பொத்தான் போட முடிகிறதா, எழுத முடிகிறதா என்றெல்லாம் கேட்கும் நல்ல வினாத்தாள் அது. ஆனால் அந்த 19 வினாக்களில், 'உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்ற வினா ஒன்றும் இல்லை. கையை அளப்பது அதன் நோக்கம். அதைக் குறை கூறுவதற்கில்லை. அந்த இருபதாவது வினாவை வீட்டில் உள்ளவர்கள் கேட்கலாம் அல்லவா?

செய்யத்தக்கவை

முதலில், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்பு நசுங்கி நெடுநாள் ஆகிவிட்டால், வற்றிய தசையும் இழந்த உணர்ச்சியும் முழுதும் திரும்பாமற்போகலாம். தொடக்கத்திலே பார்த்தால் எளிய வழிகள் உள்ளன. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் கைப்பட்டை அவற்றுள் ஒன்று. அது மடங்கலைத் தடுப்பதால் அழுத்தம் ஏறுவதில்லை. பலருக்குச் சில வாரங்களில் இரவு வேதனை தணிகிறது. அது போதாதபோது குகைக்குள் ஸ்டிராய்டு ஊசி போடுவதுண்டு. நீரிழிவோ தைராய்டுக் குறைவோ இருந்தால் அதற்கும் மருத்துவம் வேண்டும். கருவுற்ற காலத்தில் வருவது பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தானே தணியும். இவற்றால் தீராதபோது கூரைத் தசைநாரை வெட்டி வழிவிடும் அறுவை இருக்கிறது. மணிக்கட்டளவில் மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலோர் நலம் பெறுகிறார்கள். பிடியின் வலிமை திரும்பச் சில மாதங்கள் ஆகலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நோயின் பெயரையும் இயல்பையும் அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். நகராட்சி மருத்துவமனை ஒன்றில் சித்தியைக் காட்டியபோது, அங்கிருந்த இளம் மருத்துவர் எலும்பையும் நரம்பையும் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான் தமிழில் சொன்னேன். "அப்போ இது பக்கவாதம் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார் சித்தி. இல்லை என்று தெரிந்தபோது அவர் அழுதார். மருந்து எதுவும் அதுவரை உள்ளே போகவில்லை.

மூன்றாவது, வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பிச்சை போலக் கொடுக்கக் கூடாது. துணி பிழிவதையும் மாவு பிசைவதையும் பிறர் ஏற்றுக்கொண்டு, கணக்கு எழுதுவது, பொட்டலம் எண்ணுவது போன்ற பொறுப்புகளை அவரிடம் விட்டுவைத்தால், கையும் ஆறும். அவர் இடமும் அவருக்கு இருக்கும். சித்திக்கு இப்போது கூடத்தில் முறுக்கைச் சிப்பமிடும் வேலை. கூலி குறைவுதான். அந்தக் குறைவைச் சொல்லாமல் இந்தக் கதையை இனிமையாக்க நான் விரும்பவில்லை.

நான்காவது, சோர்வு பல வாரம் நீடித்து, உணவிலும் பேச்சிலும் விருப்பம் போய்விட்டால், மனநலத்துக்கும் உதவி நாட வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இது பெரிய வசதி.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கை மரப்பதை மராத்தியில் 'முங்யா யேணே' என்பார்கள். எறும்புகள் வருகின்றன என்பது அதன் பொருள். நம் வீட்டுப் பெண்களும் 'எறும்பு ஊர்வது போல இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். இரு மொழியாரும் ஒரே எறும்பைத்தான் உணர்கிறார்கள். ஆனால் இடையில் அதனை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால், எத்தனையோ தமிழ்ப் பெண்கள் மருத்துவமனை வரிசையில் நெடுநேரம் நின்று, 'கை வலி' என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிட்டு, வலி மாத்திரையோடு திரும்புகிறார்கள். எந்த விரல், எந்த நேரம், உதறினால் தணிகிறதா என்ற மூன்று செய்திகளும் மருத்துவர் காதில் விழுந்தால் பாதி நோய் வெளிப்பட்டுவிடும்.

நம் சங்கத்தில் மராத்தியும் இந்தியும் அறிந்த மாணவர் பலர் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு முற்பகல், இருவர் இருவராகத் தாராவி, சயான் பகுதித் தமிழர்களோடு மருத்துவமனைக்குத் துணை செல்ல நாம் ஏன் முறை வகுத்துக்கொள்ளக் கூடாது? பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் காட்டும் ஊக்கத்தில் காற்பங்கு போதும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியிருக்கிறேன். உடன்படுவோர் தம் பெயரை முன்னதாகவே என்னிடம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.